மைசூருக்கு இரண்டு நாள் வேண்டும்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழருக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்று அர்த்தம். பொங்கலுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை, கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ இன்னொரு முறை. லீவும் போனஸ் பணமும் அதிலேயே தீர்ந்துவிடும். இதைத் தவறு என்று சொல்வதற்கில்லை. பெற்றோரைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் இருபது ஆண்டுகள் இங்கே குடியிருந்தும், சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கும் மைசூரை நிதானமாகப் பார்க்காத குடும்பங்கள் ஏராளம் என்பது வருந்தத்தக்கது.

பார்த்தவர்கள் பார்த்த விதமும் சரியில்லை. நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வேன் பிடிக்கிறார்கள். விடியற்காலை 4 மணிக்குப் புறப்பாடு. 2 மணிக்கே பெண்கள் எழுந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டுகிறார்கள். ஒரே நாளில் ஸ்ரீரங்கப்பட்டணம், மிருகக்காட்சிசாலை, அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம். எங்கே இறங்கினாலும் டிரைவர் அவசரப்படுத்துகிறார். நள்ளிரவில் வீடு திரும்பினால் குழந்தைக்குக் காய்ச்சல், காலையில் ஷிப்டு. சிக்கனம் என்று செய்த செலவு வீண் செலவாகிறது. வீட்டில் சமைக்கும் பெண்ணே பயணத்துக்கும் சமைத்தால், அவருக்கு விடுமுறை எங்கே?

வேன் வாடகையில் தன் பங்கைக் கொடுப்பவர், ரெயிலில் சாதாரண வகுப்பில் போனால் மிச்சமாகும் பணத்தை ஒரு நாள் அறை வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். தசரா சமயத்தைத் தவிர்த்தால் அறை மலிவாகக் கிடைக்கும். சனிக்கிழமை காலை ரெயில் ஏறினால் நண்பகலுக்குள் மைசூர். அன்று அரண்மனை, மாலையில் கண்ணம்பாடி அணையும் பிருந்தாவனமும். ஞாயிறு காலை பஸ்ஸில் சாமுண்டி மலைக்குப் போய், படி வழியாக இறங்கி, வழியில் ஒரே கல்லில் செதுக்கிய நந்தியைப் பார்க்கலாம். பிற்பகல் தேவராஜ மார்க்கெட். ஞாயிறு மாலை அரண்மனையில் விளக்கேற்றுவார்கள்; அதைப் பார்த்துவிட்டு இரவு ரெயில். பிள்ளைகள் மிருகக்காட்சிசாலைக்கு அடம் பிடித்தால் மலையை விட்டுவிடலாம். எல்லாம் வேண்டும் என்றால் எதுவும் மனதில் நிற்காது.

அரண்மனையையும் விவரம் தெரிந்து பார்க்க வேண்டும். பழைய மர அரண்மனை 1897-ல் தீயில் அழிந்தது. 1912-ல் முடிந்த இன்றைய அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் சென்னைக் கன்னிமாரா நூலகத்தையும் வடிவமைத்தவர். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மறக்குமா?

சாப்பாட்டு மூட்டையை வீட்டிலேயே விட்டுவிடலாம். மைசூருக்குப் போய் புளியோதரை சாப்பிடுவானேன்? உள்ளே சிவப்புச் சட்னி தடவிய மசாலா தோசை, வெண்ணெய் வைத்த மெத்தென்ற மைலாரி தோசை, கீரைச் சாறுடன் கேழ்வரகுக் களி உருண்டை, நஞ்சன்கூடு ரசபாளே பழம் ஆகியவற்றைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அரண்மனைச் சமையற்கட்டில் பிறந்ததாகச் சொல்லப்படும் மைசூர்பாகை அது பிறந்த ஊரிலேயே கால் கிலோ வாங்கலாம். நின்றுகொண்டு சாப்பிடும் ஓட்டல்களில் செலவும் கட்டுப்படியாகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காவிரி என்றால் பத்திரிகையின் தலைப்புச் செய்தி. மேட்டூருக்கு 120 அடி, கண்ணம்பாடிக்கு 124.80 அடி என்று எண்களைப் படிக்கிறார்கள். 1991 கலவரத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரெயில் பாலத்தின்மேல் போகும்போது அந்த ஆற்றைக் கண்ணால் பார்க்கட்டும். அணைக்கரையில் நிற்கட்டும். மார்க்கெட்டில் பூக்காரரிடம் 'எஷ்டு?' என்று கன்னடத்தில் விலை கேட்கட்டும். அவர் தமிழிலேயே பதில் சொல்லிச் சிரித்தாலும் சிரிப்பார். ஆற்றின் இரு பக்கமும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள் என்பது அப்போது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும்.

ஊருக்குப் போகும் லீவைக் குறைக்க வேண்டாம். ஆண்டில் ஒரே ஒரு சனி, ஞாயிறை இதற்காக ஒதுக்கினால் போதும். பிழைக்க வந்த ஊர் என்று எத்தனை காலம்தான் சொல்லிக்கொண்டிருப்பது? வாழும் ஊரையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?