சின்னத் துப்பாக்கி காவல் காக்குமா?



கோலா சாவா பக்கமிருந்து ஒரு பெரியவர் கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கம், பென்சில் எழுத்து. பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. முதலில் பால் மரம், பிறகு செம்பனை என்று காலமெல்லாம் தோட்டத்திலேயே உழைத்து ஓய்ந்தவர். பிள்ளைகள் சிரம்பானிலும் ஜொகூரிலும் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் அவரும் அவர் சம்சாரமும்தான். போன மாதம் அடுத்த வீட்டுப் பின்கதவை நெம்பி இரண்டு பேர் உள்ளே புகுந்து, பாராங் கத்தியைக் காட்டி, அந்த அம்மாளின் தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை.

இந்த நேரம் பார்த்து ஓர் ஆள் வந்து, "சின்னதாக ஒன்று இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், விலையும் சல்லிசு" என்றானாம். பெரியவர் என்னைக் கேட்கிறார்: "ஐயா, சின்னத் துப்பாக்கி போதுமா? இல்லை, வைத்துக்கொண்டால் பெரியதாகத்தான் இருக்க வேண்டுமா?"

இப்படிக் கேட்பவரை எடுத்த எடுப்பிலேயே சட்டத்தைக் காட்டி மிரட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம். பயந்துபோய்க் கேட்கிற மனுஷருக்கு, கேட்டதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். சட்டம் பிறகு வரட்டும்.

கைக்கடக்கமான ரகங்களைப் புள்ளி 22, புள்ளி 25, புள்ளி 32 என்று சொல்வார்கள். குண்டின் குறுக்களவை அங்குலத்தில் சொல்கிற கணக்கு அது. புள்ளி 22 என்றால் ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர், அதாவது நல்ல பருத்த மிளகின் கனம். எடை சுமார் இரண்டரை கிராம். இது ஆளைக் கொல்லுமா என்றால், கொல்லும். 1948 ஜனவரி 30-ஆம் தேதி மகாத்மா காந்தியின் உயிரைக் குடித்தது சட்டைப்பையில் மறைக்கக்கூடிய ஒரு பெரெட்டா கைத்துப்பாக்கிதான். ஆனால், ஐயா, நீங்கள் கேட்பது கொல்வதற்கு அல்லவே! கத்தியோடு வருகிறவன் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள்? கொல்லுவது வேறு, நிறுத்துவது வேறு.

இதை விளங்கிக்கொள்ள நம்மவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சம்பவமே போதும். 1967 ஜனவரி 12, மாலை வேளை. சென்னை ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரைப் பார்க்க நடிகவேள் எம்.ஆர். ராதா வருகிறார். கூடவே பட அதிபர் வாசு. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ராதா தம் கைத்துப்பாக்கியை எடுத்து எம்.ஜி.ஆரைச் சுட்டார், பிறகு தம்மையே தலையிலும் கழுத்திலுமாக இரண்டு முறை சுட்டுக்கொண்டார் என்பது வழக்கில் முடிவானது. புள்ளி 32 ரக ரிவால்வர். தூரம் என்று சொல்ல எதுவும் இல்லை, ஒரே அறை.

நடந்தது என்ன? மூன்று குண்டும் உடம்பில் பாய்ந்தும் இருவரில் ஒருவரும் சாகவில்லை. இருவரையும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்த குண்டை எடுப்பது ஆபத்து என்று டாக்டர்கள் உள்ளேயே விட்டுவைத்தார்கள். கழுத்துக் கட்டோடு அவர் இருந்த படம் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அடுத்த மாதமே பரங்கிமலைத் தொகுதியில் ஆஸ்பத்திரியிலிருந்தபடியே ஜெயித்தார். குரல் மாறிப்போனது உண்மை. ஆனால் 1977-ல் முதல் மந்திரியாகி, 1987 வரை வாழ்ந்தார். ராதாவுக்குச் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் ஏழு வருஷம் தண்டனை கொடுத்தது. மேல் கோர்ட்டில் அது குறைந்தது. வெளியே வந்து மறுபடி நடித்து, 1979-ல்தான் அவர் காலமானார். அந்தத் தோட்டாக்கள் வாங்கிப் பல வருஷம் கிடந்து வீரியம் குறைந்தவை என்றும் அப்போது பேசப்பட்டது. உங்களிடம் விற்க வந்த ஆள் தோட்டா எந்த வருஷத்துச் சரக்கு என்று சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கே தெரிந்திருக்காது.

துப்பாக்கிக் குண்டு பட்டால் ஆள் நாலடி பின்னால் பறந்து விழுவது சினிமாவில்தான். நிஜத்தில் கைத்துப்பாக்கிக் குண்டு மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டாலொழிய ஆள் சட்டென்று விழுவான் என்று நம்ப முடியாது. மற்ற இடத்தில் பட்டால் ரத்தம் போய் மயங்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். இருதயமே கிழிந்தாலும், மூளையில் மிச்சமிருக்கிற பிராணவாயுவை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து விநாடி ஒருவன் கை கால் ஆட்டலாம் என்கிறார்கள். பதினைந்து விநாடியில் பாராங் கத்தி எத்தனை வீச்சு வீசும் என்று, ஆயுசு முழுக்கக் கத்தி பிடித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

தூரத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் சால்ட் லேக் நகரத்துப் போலீஸ் அதிகாரி டென்னிஸ் டூலர் என்பவர் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தி வைத்திருப்பவன் 21 அடி தூரத்தை ஒன்றரை விநாடியில் ஓடிக் கடந்துவிடுவான். உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடப் பழகிய போலீஸ்காரனுக்கும் அதே நேரம் ஆகும் என்று அதில் காட்டினார். நம் வீட்டு முன்னறையில் 21 அடி ஏது? நீங்களோ இருட்டில், தூக்கக் கலக்கத்தில், கண்ணாடி எங்கே என்று தடவிக்கொண்டிருப்பீர்கள்.

அப்படியானால் பெரிய துப்பாக்கி என்பீர்கள். அதிலும் வில்லங்கம் இருக்கிறது. பலகைச் சுவர் வீட்டில் குறி தப்பிய குண்டு சுவரோடு நிற்காது. சின்னக் குண்டே பலகையைத் துளைத்துவிடும். பெரியதைக் கேட்க வேண்டுமா? சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய பிள்ளை படுத்திருக்கிறது? தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள் என்று கடிதத்தில் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது அதை எங்கே வைப்பீர்கள்? தலையணைக்கடியில் வைத்தால் பேரன் எடுப்பான். அரிசி டின்னுக்குள் புதைத்தால், திருடன் வரும்போது நீங்களே எடுக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் எனக்குத் தெரியவில்லை.

துப்பாக்கி பக்கத்தில் இருந்தும் உதவாமற்போன கதை நம் நாட்டிலேயே உண்டு. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரேசர் மலைப் பாதையில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியை மறைந்திருந்தவர்கள் சுட்டுக் கொன்றபோது, காவலுக்கு ஆயுதம் தாங்கிய போலீஸ்காரர்கள் கூடவே வந்துகொண்டிருந்தார்கள். முந்திக்கொண்டவன் கை ஓங்கிவிட்டது.

இனிச் சட்டம். அதற்கு முன் ஒரு பெயரை நினைவுபடுத்த வேண்டும். தோட்டத்துப் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. எஸ்.ஏ. கணபதி. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர், நம் தமிழர். 1948-ல் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் பக்கத்தில் அவரைப் பிடித்தார்கள். கையில் ஒரு கைத்துப்பாக்கியும் கொஞ்சம் தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. யாரையும் சுட்டார் என்பதல்ல. வைத்திருந்தார், அவ்வளவுதான். அவசரகாலச் சட்டத்தில் அதற்கே தூக்கு. இந்திய அரசாங்கம் தலையிட்டுக் கேட்டும் பயனில்லை. அந்த வருஷம் மே 4-ஆம் தேதி பூடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான், உங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே, ஜிமாவில், இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கணபதி வழக்கில் நியாயம் எது என்று இன்றும் பேசுகிறார்கள், பேசட்டும். எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சின்னத் துப்பாக்கி அவரை எந்த எதிரியிடமிருந்தும் காப்பாற்றவில்லை. கழுத்துக்குக் கயிறு கொண்டுவந்தது அதுதான்.

இப்போது அந்த அவசரகாலச் சட்டம் இல்லை. ஆனாலும் 1960-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதன்படி லைசென்சு கொடுக்கிற அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவருடையது. அது இல்லாமல் வைத்திருந்தால் 1971-ஆம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டப்படி 14 வருஷம் வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விழலாம். நிஜம் போலிருக்கிற பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதுவும் வம்புதான். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. விற்க வந்த ஆளிடம் "கொடு, பார்க்கலாம்" என்று கையில்கூட வாங்காதீர்கள்.

தற்காப்பு உரிமை உங்களுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. குற்றவியல் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகள் அதற்கென்றே இருக்கின்றன. ராத்திரியில் கதவை உடைத்து வருகிறவனைத் தடுக்க உங்களுக்கு நல்ல உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 99-ஆம் பிரிவு சொல்கிறது. பயந்து ஓடுகிறவனை முதுகில் வெட்டினால் வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

சரி, துப்பாக்கி வேண்டாம் என்றால் என்னதான் செய்வது? அந்தப் பின்கதவை முதலில் பாருங்கள். தோட்டத்து வீடுகளில் முன்கதவுக்குப் பூட்டு மேல் பூட்டு. பின்கதவுக்கோ ஒரு கொக்கி! குறுக்கே ஓர் இரும்புப் பட்டை போட்டுவிட்டால், நெம்புகிறவன் சத்தம் போட்டே ஆக வேண்டும். சத்தம் கேட்டவுடன் நீங்கள் வெளியே வராதீர்கள். படுக்கை அறைக் கதவையும் உள்ளே தாழிட்டுக்கொண்டு 999-க்குப் போன் போடுங்கள். வீட்டுக்குப் பின்னால் ராத்திரி முழுக்க ஒரு விளக்கு எரியட்டும். அம்மாவின் நகையைப் பேங்க் பெட்டகத்தில் வைத்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு போதும் என்று சொல்லுங்கள்; கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. கத்தியோடு நேருக்கு நேர் வந்துவிட்டால், கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் லயத்துக் கோடியில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடிகாலைப் பெரட்டுக்கு அடிப்பதற்கு. ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டில் ஆள் புகுந்ததைப் பார்த்த ஒரு பாட்டி, ஓடிப்போய் அதை அடி அடியென்று அடித்தாள். மொத்த லயமும் எழுந்துவிட்டது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிப் பேர் வாளியும் பால் கத்தியுமாகத் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அத்தனை வெளிச்சத்தைப் பார்த்த திருடன் கோழியையும் போட்டுவிட்டு, தன் சிலிப்பரையும் விட்டுவிட்டு ஓடினான். அந்தச் சிலிப்பர் நெடுநாள் கங்காணி வீட்டு வாசலில் கிடந்தது.

உங்கள் வரிசையில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று எழுதவில்லையே? நாலு வீடு இருந்தாலும் போதும். ஒரு பழைய தகர டின்னும் தடியும் ஆளுக்கொன்று படுக்கையருகே இருக்கட்டும். ஒரு வீட்டில் தட்டினால் நாலு வீட்டிலும் விளக்குப் போட்டுத் தட்ட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூடிப் பேசிக்கொள்ளுங்கள். ருக்குன் தெத்தாங்கா குழு பக்கத்தில் இருந்தால் அவர்கள் காதிலும் போட்டு வையுங்கள். கதவுக்குப் பட்டை அடிக்க ஜொகூர்ப் பிள்ளை வருகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே ஆள் வைத்து அடித்துவிடுங்கள். அடித்த பிறகு தூக்கம் வருகிறதா என்று எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.