ஏழைகளின் ஊட்டி யாருக்கு?

ஏற்காட்டுக்கு ‘ஏழைகளின் ஊட்டி’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒவ்வொரு மே மாதமும் கோடை விழாச் செய்திகளில் அது தவறாமல் வந்துவிடும். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் அரசுப் பேருந்து ஏறினால் ஏரி, அண்ணா பூங்கா, பகோடா பாயிண்ட் என்று பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். அறை எடுக்க வேண்டியதில்லை. தறி ஓட்டுகிறவரும், வெள்ளிப் பட்டறைத் தொழிலாளியும், கட்டட வேலைக்குப் போகிறவரும் பிள்ளைகுட்டிகளோடு போய்க் குளிர்காற்று வாங்க முடிகிற மலை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

இன்று அந்தப் பெயர் எவ்வளவு தூரம் உண்மை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். கணவன், மனைவி இருவருமே அந்த அளவில் கூலி வாங்குகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மலைக்குப் போகிற நாளில் இருவருக்கும் வேலை இல்லை. வீட்டைப் பூட்டும்போதே 672 ரூபாய் போய்விட்டது. மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் சம்பளம். தினக்கூலிக்கு அது கிடையாது. அவர் இரண்டு தடவை காசு கட்டுகிறார்: இழந்த கூலியாக ஒரு தடவை, செலவாக ஒரு தடவை. பேருந்துக் கட்டணம், மேலே ஒவ்வோர் இடத்துக்கும் போக வண்டி வாடகை, பூங்கா டிக்கெட், படகு, கழிப்பறை, தண்ணீர் பாட்டில், கடைசிப் பிள்ளை கேட்கிற பஜ்ஜி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். ஐந்து பேரால் பெருக்கிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

“முடியாதவர்கள் ஏன் போக வேண்டும்? சுற்றுலா என்ன அத்தியாவசியமா?” என்று கேட்கும் குரல் நமக்குப் பழக்கமானதுதான். கூலிக்காரருக்குச் சோறும் கூரையும் இருந்தால் போதும், மகிழ்ச்சி எதற்கு என்று நினைக்கிற மனம் அது. எந்தச் சாதி உழைக்க, எந்தச் சாதி இளைப்பாற என்று பிரித்து வைத்த சமூகத்தில் அந்த மனம் தற்செயலாக உருவானதல்ல.

விடுமுறையை வாங்கித் தந்தவர் யார்?

இந்தியத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் ஒரு சாதி ஒழிப்புப் போராளி இருக்கிறார். அவர் பெயர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் புலேயின் தோழர், சத்திய சோதக இயக்கத்தைச் சேர்ந்தவர், ‘தீனபந்து’ இதழின் ஆசிரியர். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி 1884 முதல் அவர் வைத்த கோரிக்கைகளில் முதன்மையானது வாரம் ஒரு நாள் ஓய்வு. 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் இறங்கிவந்தார்கள்.

புலேயின் மரபில் வந்தவர்கள் ஓய்வைச் சோம்பலாகப் பார்க்கவில்லை. உழைப்பவர் தன் பொழுதைத் தானே ஆள்வதை மனித மாண்பின் ஒரு பகுதியாகப் பார்த்தார்கள். அந்தச் சிந்தனை அரசியலமைப்புச் சட்டத்திலும் இருக்கிறது. உறுப்பு 43, வாழ்வதற்குப் போதுமான ஊதியத்தோடு நிற்காமல், ஓய்வையும் சமூக, பண்பாட்டு வாய்ப்புகளையும் தொழிலாளர்கள் முழுமையாக அனுபவிக்கும் நிலையை உருவாக்க அரசு முயல வேண்டும் என்கிறது. குடும்பத்தோடு ஏரிக்கரையில் உட்காரும் ஒரு நாள் அந்தச் சொற்களுக்குள் அடக்கம்.

‘பொது இடம்’ என்ற சொல்லுக்கு நாம் கொடுத்த விலை

1924 ஆகஸ்ட் மாதம் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், பொது அலுவலகங்கள் எல்லாவற்றையும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். செப்டம்பரில் அது அரசாணையானது. அந்தப் பட்டியலில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இனம் இருக்கிறது: மக்கள் பொதுவாகக் கூடும் இடங்கள். நடக்கும் உரிமை, தண்ணீர் எடுக்கும் உரிமை ஆகியவற்றோடு, நாலு பேர் கூடுகிற இடத்தில் தானும் போய் நிற்கும் உரிமையையும் அவர் கேட்டு வாங்கினார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1934இல், அண்ணல் அம்பேத்கர் தோழர்கள் சுமார் முப்பது பேரோடு எல்லோரா பௌத்தக் குகைகளைப் பார்க்கப் புறப்பட்டார். வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலில் குளம் நிறையத் தண்ணீர். பயணப் புழுதி போக முகம், கை, கால் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு ஒரு முதியவர் ஓடிவர, கூட்டம் சேர்ந்துவிட்டது. கூடியவர்கள் முஸ்லிம்கள், இந்துவுக்குத் தீண்டத்தகாதவர் மற்றவருக்கும் தீண்டத்தகாதவரே என்பதற்கு இந்த நிகழ்வையே அம்பேத்கர் சான்றாக எழுதிவைத்தார். கடைசியில், எங்கேயும் தண்ணீரைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் உடன்வரத்தான் கோட்டையைப் பார்க்க முடிந்தது. வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் பெற்று, வட்டமேசை மாநாடுகளில் பேசிவிட்டு வந்த மனிதரின் சுற்றுலா அது.

அவர் தலைமையேற்று வரைந்த அரசியலமைப்பின் உறுப்பு 15(2) கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள், கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் கூடும் இடங்கள் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பட்டியலிடுவது ஏன் என்று இப்போது புரியும். பூங்காவும் படகுத்துறையும் காட்சிமுனையும் அந்தப் பட்டியலில் வருபவை. அவை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை.

பலகை போனது, டிக்கெட் வந்தது

சட்டம் கதவைத் திறந்தால், வேறு வழியாக மூடப் பார்ப்பது ஆதிக்கத்தின் வழக்கம். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், கறுப்பின மக்களையும் பொது நீச்சல் குளங்களில் அனுமதிக்க வேண்டிய நிலை வந்தபோது, நகராட்சி குளங்களையே மூடிவிட்டது. எல்லாருக்கும்தானே மூடினோம் என்றது. 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 5-4 என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. வீட்டிலேயே குளம் வைத்திருந்தவர்களுக்கும், கட்டணம் கட்டித் தனியார் மன்றங்களில் சேர முடிந்தவர்களுக்கும் நட்டம் எதுவும் இல்லை.

இங்கே குளத்தை மூட வேண்டியதில்லை, விலை வைத்தால் போதும். “காசு சாதி பார்ப்பதில்லையே” என்பார்கள். காசு பார்ப்பதில்லைதான். ஆனால் நிலம் யாரிடம் இருக்கிறது, நிரந்தர வேலை யாருக்கு, தினக்கூலி யாருக்கு என்பதைச் சாதி ஏற்கெனவே பார்த்துவிட்டது. அந்த வரிசையின் மீது 100 ரூபாய் டிக்கெட் வைத்தால் யார் வெளியே நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பலகையில் எழுதி வைத்தால் வழக்குப் போடலாம். விலைப்பட்டியல் மீது என்ன வழக்குப் போடுவது?

2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையருகே அரசு திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் உள்ளே கால் வைக்கவே 300 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். மக்கள் வரிப்பணத்தில், மக்களின் நிலத்தில் ஓர் அரசே இப்படி விலை வைக்கும்போது, ‘சாகசச் சுற்றுலா’ என்ற பெயரில் மலைகளுக்குள் வரும் தனியார் என்ன விலை வைப்பார்கள்? சமூகநீதி பேசும் அரசிடம்தான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமலிருப்பது நட்பாகாது.

கட்டுச்சோறு ஓர் அரசியல்

நம் மக்களுக்கு வெளியே போய்வருவது புதிதல்ல. ஆடிப்பெருக்கன்று மேட்டூர்க் காவிரிக்கரையிலும் காணும் பொங்கலன்று மெரினா மணலிலும் கூடும் குடும்பங்களைப் பாருங்கள். தூக்குவாளியில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, சில வீடுகளில் பிரியாணி. வீட்டில் ஆக்கியதைக் கொண்டுபோய் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அந்த நாளின் பாதி மகிழ்ச்சி. அந்த நாளை மலிவாக்குவதும் அதுவே.

அதனால்தான் ‘வெளி உணவுக்கு அனுமதி இல்லை’ என்ற நான்கு சொற்கள் ஏழைக் குடும்பத்துக்கு டிக்கெட்டைவிடப் பெரிய செலவு. திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இலவசமாகக் குடிநீர் தர வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. அது தனியார் அரங்கு. பொதுப் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது. ஒருவர் தூக்குவாளியில் என்ன இருக்கிறது, அதன் வாசனை என்ன என்று பார்க்கும் பழக்கம் இந்த நாட்டில் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும்.

குப்பை போடுவது யார்?

“கூட்டம் வந்தால் மலை கெட்டுப்போகும், கட்டணம் உயர்ந்தால் கூட்டம் குறையும்” என்பது அடுத்த வாதம். மலை காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. மலை கெட்டால் முதலில் பாதிக்கப்படுவது அங்கே வாழும் பழங்குடி மக்களே. ஆனால் மலையை அடைப்பது யார்? ஐம்பது பேரைச் சுமக்கும் ஒரு பேருந்தா, அதே ஐம்பது பேரைக் கொண்டுவரும் பன்னிரண்டு கார்களா? மாலையில் இறங்கிவிடும் குடும்பமா, தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்திலும் நீச்சல் குளம் நிரப்பும் சொகுசு விடுதியா?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தபோது, அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை என்று விலக்களித்தார்கள். சரியான திசை அது. கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வாகனங்களை எண்ணிக்கை வைத்துக் குறைக்கலாம். விலை வைத்துக் குறைத்தால், குறைகிறவர்கள் எப்போதும் ஒரே ஆட்களாகத்தான் இருப்பார்கள். ‘லோக்கல் கூட்டம்’, ‘டீசன்ட் இல்லாத ஆட்கள்’ என்று சொல்லி முகம் சுளிக்கிறவர்களின் சுற்றுச்சூழல் அக்கறையில் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

மலைக்காரர்களின் மலை

சேர்வராயன் மலையின் சொந்த மக்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரோடு அவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே எஸ்டேட்டுகளும் வேலிகளும் வந்தன. மலையின் புகழ்பெற்ற காட்சிமுனைகள் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். வெள்ளைக்காரச் சீமாட்டி, துரை, பிள்ளைகள் என்று மாலையில் வந்து உட்கார்ந்த பாறைகள். ஒரு முழுக் குடும்பத்தின் பொழுதுபோக்கு அந்தப் பெயர்களில் இருக்கிறது. காப்பி பறித்தவருக்கும் சாலை வெட்டியவருக்கும் அந்த வரிசையில் ஒரு ‘சீட்’ இல்லை.

இன்று சாலையோரத்தில் மிளகும் கொய்யாவும் பலாச்சுளையும் விற்பவர்கள், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுபவர்கள், தோட்டத் தொழிலாளிகள் ஆகியோரின் பிழைப்பும் பேருந்தில் வரும் குடும்பத்தின் சுற்றுலாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. விடுதிக்குள்ளேயே சாப்பிட்டு, விடுதிக்குள்ளேயே விளையாடிவிட்டு இறங்குகிறவர் சாலையோரக் கடையில் எத்தனை தடவை நிற்பார்? ‘அழகுபடுத்தல்’ என்ற பெயரில் சிறுகடைகளை அகற்றினால், விற்பவரும் வாங்குபவரும் ஒன்றாகத்தான் வெளியேற்றப்படுகிறார்கள்.

என்ன கேட்கலாம்?

நாம் கேட்பது சலுகை இல்லை, செய்யக்கூடிய சில எளிய காரியங்கள்.

அரசின் பணத்தில் நடக்கும் பூங்கா, ஏரிக்கரை, காட்சிமுனை எதற்கும் நடந்து வருகிறவரிடம் நுழைவுக் கட்டணம் கூடாது. பராமரிப்புச் செலவைத் தனியார் வாகன நிறுத்தக் கட்டணத்திலும் சொகுசு விடுதிகள் மீதான தீர்வையிலும் எடுக்கட்டும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் போகிறார்கள். அந்தப் பயணம் வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் மட்டும் நிற்கக் கூடாது. மலையேறும் எல்லா அரசுப் பேருந்துகளிலும் அது விலக்கின்றிப் பொருந்த வேண்டும். விடுமுறை நாட்களில் சேலத்திலிருந்து கூடுதல் பேருந்துகளும், மலைமேல் காட்சிமுனைகளைச் சுற்றிவரக் குறைந்த கட்டணச் சிற்றுந்துகளும் ஓட வேண்டும். கழிப்பறையும் குடிநீரும் இலவசமாக வேண்டும். கட்டணக் கழிப்பறையின் சுமை முதலில் பெண்கள் தலையில்தான் விழுகிறது. கட்டுச்சோறு சாப்பிட நிழலுள்ள இடம் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு சுற்றுலா, கல்விச் செலவின் பகுதியாகவே இருக்க வேண்டும். மலைமேல் உறைவிடப் பள்ளிகளில் வெளியூர்ப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிக்கிறார்கள். அந்த மலையைத் தினமும் அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் பிள்ளை ஒரு தடவையாவது ஏறிப் பார்க்க வேண்டாமா?

இவற்றுக்கெல்லாம் மேலாக, தினக்கூலிக்கும் ஊதியத்துடன் கூடிய வார ஓய்வு வேண்டும். லோகாண்டே தொடங்கிய வேலையின் மிச்சம் அது.

1944இல் திராவிடர் கழகம் என்ற பெயர் பிறந்த ஊர் சேலம். அந்த ஊரின் தலைக்கு மேலே நிற்கிறது சேர்வராயன் மலை. தோழர்களே, அடுத்த தடவை ஏற்காடு போகும்போது காரை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள். பக்கத்து இருக்கையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். யாரெல்லாம் அந்தப் பேருந்திலேயே ஏற முடியவில்லை என்றும் யோசியுங்கள். பிறகு, பூங்கா வாசலில் தொங்கும் விலைப்பட்டியலைப் படமெடுத்து, அந்த விலையை நிர்ணயித்த துறைக்குக் கேள்வியாக அனுப்புங்கள். ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பெயரை விளம்பரத்துக்கு வைத்துக்கொள்கிறவர்கள் ஏழைகளுக்கும் அங்கே இடம் வைக்கட்டும்.