தூரம் வளரவில்லை, நேரம் வளர்ந்தது!

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. இரண்டுக்கும் இடையே நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோ மீட்டர். 2022 பிப்ரவரி வரையில் அந்தத் தொலைவை விமானம் ஏறத்தாழ 9 மணி நேரத்தில் கடந்து வந்தது. அடுத்த மாதத்திலோ அதே பயணத்திற்கு 13 மணி நேரம்!

என்ன நேர்ந்தது? டோக்கியோ நகர்ந்து போய்விட்டதா? பூமிதான் பருத்துவிட்டதா? இல்லை, தோழர்களே, இல்லை! ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உலகம் இருந்த அளவிலேயே இருக்கிறது. அடைபட்டது வானம்!

2022 பிப்ரவரி 24 அன்று ருஷ்யப் படை உக்ரைன் மீது பாய்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் வானத்தை ருஷ்ய விமானங்களுக்கு மூடியது. பதிலுக்கு ருஷ்யா, 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. சைபீரியாவின் மேலே நேராகப் பறந்த விமானம், வடதுருவத்தின் மேலேறிச் சுற்றியது. இல்லையேல் தெற்கே மத்திய ஆசியா வழியாக வளைந்தது.

அந்த வானில் பறக்கவே இயலாதோ என்று கேட்பீர்கள். அதே வானில்தான் சீன விமானங்கள் ஐரோப்பாவுக்குப் பறந்தன! காற்று தடுக்கவில்லை, கடுங்குளிர் தடுக்கவில்லை, ஆள்வோரின் ஆணை தடுத்தது!

இது புதுக்கதையும் அன்று. 1983 இல் பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது, சோவியத் வானில் வழி கிடைக்கவில்லை. வடதுருவத்தைச் சுற்றித்தான் பறந்தது. ஏறத்தாழ 13 மணி நேரம் பிடித்தது. பனிப்போர் தணிந்தது, வழி திறந்தது, நேரம் சுருங்கியது. 39 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அதே 13 மணி! அமைதி அளித்ததைப் போர் பறித்துக்கொண்டது.

நாம் கேட்கிறோம்: கூடுதலாக எரிந்த எண்ணெய்க்கு விலை கொடுத்தவர் யார்? படையை ஏவியவரா? அல்ல, அல்ல! சுற்றுவழிச் செலவு தாங்காமல் அந்த நிறுவனம் 2022 இலேயே ஆட்குறைப்பில் இறங்கியது. பயணியின் கையில், வடதுருவம் கடந்ததற்கொரு சான்றிதழ்! தொழிலாளியின் கையில், வேலையை விட்டுப் போ என்னும் ஓலை!

வீடிழந்து, உற்றாரை இழந்து தவிக்கும் உக்ரைன் மக்களின் துயருக்கு முன்னே இந்த நான்கு மணி நேரம் வெறும் தூசு. அதை நாம் அறிவோம். ஆனால் அந்தத் தூசும் ஒரு பாடம் சொல்கிறது. போர், போர்க்களத்தோடு நிற்பதில்லை. பீரங்கியின் முகம் பாராதவன் வீட்டு அடுப்பையும் அது வந்து அணைக்கிறது. “எங்கோ நடக்கும் சண்டை, நமக்கென்ன?” என்று இருப்பவர், இதை எண்ணிப் பார்க்கட்டும்!

விரைந்து பறக்கும் விமானத்தை விஞ்ஞானி தந்துவிட்டான். அதற்கு நேர்வழி தரவேண்டியது அரசியல். ஆக்கிரமிப்பு ஒழியட்டும், அமைதி நிலைக்கட்டும். தூரம் தானே குறையும்!