கழுத்தில் கிடக்கும் துறவாடை

நம் இல்லங்களில் இன்றும் பலருடைய கழுத்தில் உத்தரியம் கிடக்கிறது. பழுப்பு நிறத் துணித்துண்டுகள் இரண்டு, அவற்றை இணைக்கும் கயிறு. தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு அணிவிக்கிறோம். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் முதியவருக்கு அணிவிக்கிறோம். விபத்திலிருந்து காக்கும் என்கிறோம். நன்மரணம் அருளும் என்கிறோம். அது யாருடைய உடை என்று கேட்டால் மட்டும் நம்மில் பெரும்பாலோர் விழிக்கிறோம்.

அது துறவியின் உடை. வேலை செய்யும்போது அங்கியின்மேல் முன்னும் பின்னும் தொங்கவிடும் நீண்ட துணி, காலப்போக்கில் துறவற உடையின் பகுதியாயிற்று. கார்மேல் மலைத் தவசிகளின் வழிவந்த சபையார், தங்கள் செபத்தில் பங்குகொள்ள விரும்பிய பொதுநிலையினருக்கு அதன் சிறு வடிவத்தை அணிவித்தனர். அப்படியானால் உத்தரியம் அணிந்தவர் ஒரு துறவற குடும்பத்தோடு உறவு பூண்டவர். உறவு என்றால் இருபக்கமும் கடமை உண்டு. நாமோ கடமையைக் கழற்றி வைத்துவிட்டுத் துணியை மட்டும் தாயத்தாகக் கட்டிக்கொண்டோம். துணிக்குப் பதிலாகப் பதக்கம் அணியலாம் என்று 1910-ல் பத்தாம் பத்திநாதர் அனுமதி தந்தார். நம்மிடையே அந்தப் பதக்கமும் சாவிக்கொத்தில் தொங்கும் அணியாகிவிட்டது. உத்தரியம் பெறுவோருக்கு அவர்கள் சேரும் அமைப்பின் தன்மையையும், ஏற்கும் கடமைகளையும் முன்கூட்டியே விளக்க வேண்டும், திடீரென அணிவித்துவிடக் கூடாது என்று பொதுமக்கள் பக்தியைக் குறித்து வத்திக்கான் 2001-ல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகக் கூறுகிறது. நம் பங்குகளில் ஜூலை 16 அன்று அந்த விளக்கம் எத்தனை நிமிடம் நடக்கிறது?

உத்தரியம் ஒன்று மட்டுமன்று. துறவியர் பாடிய நூற்றைம்பது திருப்பாடல்களுக்கு ஈடாக, எழுத்தறியா மக்கள் சொன்ன நூற்றைம்பது ‘அருள் நிறைந்த மரியே’ என்னும் மன்றாட்டே செபமாலையாய் வளர்ந்தது. நம் பாட்டிமார் மணியோசை கேட்டதும் கைவேலையை நிறுத்திச் சொன்ன மூவேளை செபமும் மடத்து மணியின் பிள்ளைதான். நம் பக்தி முயற்சிகளின் நூல்கள் பலவும் துறவற இல்லங்களின் தறியிலிருந்து வந்தவை. நூல் கையில் இருக்கிறது, தறியை மறந்தோம்.

“மடத்தில் உள்ளவர்கள் நமக்காகச் செபிக்கிறார்கள், அது போதாதா?” என்று நம்மவர் கேட்பதுண்டு. போதாது என்கிறோம். அடைப்பு மடத்தின் கதவருகே செபக் கருத்தை எழுதிக் கொடுத்து, ஒரு காணிக்கையும் வைத்துவிட்டு வருவது பக்தியாகலாம், உறவாகாது. செபிப்பதற்கு ஆள் அமர்த்தும் வழக்கமாகவே அது முடிகிறது. தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டே, திருச்சபையின் நேர செபங்களைப் பொதுநிலையினரும் சொல்லப் பரிந்துரைத்தது. ‘திருப்புகழ்மாலை’ தமிழில் அச்சாகி வந்த பின்னும் அது குருக்களின் மேசைப் புத்தகமாகவே இருக்கிறது.

இந்த உறவுக்கு ஒழுங்கான வடிவம் இல்லாமல் இல்லை. புனித ஆசீர்வாதப்பர் வழிவந்த மடங்களில் ‘ஒப்லேட்’ என்ற நிலை உண்டு; தம்மைக் காணிக்கையாக்கியவர் என்பது பொருள். அவர் துறவற வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. குடும்பத்திலும் தொழிலிலும் இருந்தபடியே, குறிப்பிட்ட ஒரு மடத்தோடு தம்மை இணைத்து, தம் நிலைக்கு இயன்றவரை ஆசீர்வாதப்பரின் ஒழுங்குப்படி வாழ வாக்களிக்கிறார். குறிப்பிட்ட ஒரு மடத்தோடு என்பதை அழுத்திச் சொல்கிறோம். இன்று ஒரு திருத்தலம், நாளை ஒரு தியான மையம், மறுநாள் ஒரு குணமளிக்கும் கூட்டம் என்று அலையும் நமக்கு, ஓரிடத்தில் வேரூன்றுவதுதான் கசக்கிறது.

தொலைவைச் சாக்காகச் சொல்ல வேண்டாம். கோடம்பாக்கத்தில் வாழும் நாம் எழும்பூரில் இரவு வண்டி ஏறினால் விடிகாலையில் திருச்சி. அங்கிருந்து கரூர் சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். குளித்தலைக்கு அருகே, காவிரியின் தென்கரையில், தண்ணீர்ப்பள்ளி. அங்கேதான் சாந்திவனம் என்னும் சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது. பிரான்சு நாட்டுக் குரு மோன்ஷனேனும், ஆசீர்வாதப்பர் சபைத் துறவி லெ சோவும் (பின்னாளில் அபிஷிக்தானந்தர்) 1950 மார்ச் 21 அன்று, அன்றைய நாட்காட்டியில் ஆசீர்வாதப்பர் திருநாளில், அதைத் தொடங்கினர். திருச்சி ஆயர் மெந்தோன்சா ஆதரவு தந்தார். 1957-ல் மோன்ஷனேன் இறந்தபோது நிலையான இந்தியத் துறவியர் குழு ஒன்று அங்கே உருவாகியிருக்கவில்லை. 1968-ல் பீட் கிரிபித்ஸ் இந்தியச் சகோதரர் இருவருடன் வந்த பின்னரே அது வளர்ந்தது. 1980-களில் கமல்டோலி என்னும் ஆசீர்வாதப்பர் சபைக் கிளையோடு இணைந்தது. 1993-ல் அவர் மறைந்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த ஆசிரமத்தைத் தம் ஆன்மிக இல்லமாகக் கொண்ட பொதுநிலையினர் உண்டு. கடல் கடந்து வந்தவர்கள் கண்டுகொண்ட வீட்டை, ஓரிரவுத் தொலைவிலிருக்கும் நாம் ‘வெள்ளைக்காரர் வந்து போகிற இடம்’ என்று ஒதுக்குகிறோம். நாம் போகாத இடத்தை வேறு யார் நிரப்புவார்?

காவியும் சந்தனமும் ஆரத்தியும் நம்மில் சிலரை உறுத்துகின்றன. 1606-ல் மதுரைக்கு வந்து காவி உடுத்த தத்துவ போதகர் நொபிலியைப் பெருமையோடு நினைவுகூரும் நாம், இதில் மட்டும் முகம் சுளிப்பது விந்தை. ஆயினும் ஒரு கண்டனத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். ஆசிரம இயக்கம் வடமொழி மரபையே இந்திய மரபாகக் கொண்டது, தலித் மக்களின் குரலுக்கு அங்கே இடம் குறைவு என்ற கண்டனம் அது. அதில் உண்மை உண்டு. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வெளியே நிற்பதால் என்ன மாறும்? ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைத் திறந்து பார்ப்போம். அடிமை நிலையிலிருந்து வந்தவரைவிடச் சுதந்திரராய்ப் பிறந்தவரை மடத்தலைவர் உயர்வாக நடத்தலாகாது என்கிறது 2-ஆம் அதிகாரம். மடத்தில் புகுந்த நேரமே வரிசையை முடிவு செய்யும் என்கிறது 63-ஆம் அதிகாரம். ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது இது. நாமோ வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலைக் கட்டி, நடுவே சுவரெழுப்பி, 1910-ல்தான் அதை இடித்தவர்கள். கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சுவர் தேடுகிறவர்கள். அந்த ஒழுங்கின்படி வாழ ஒரு கத்தோலிக்கக் குடும்பம் உண்மையாகவே வாக்களித்தால், அதன் திருமண அழைப்பிதழ்கூட மாற வேண்டிவரும். நம் தயக்கத்தின் அடியில் இந்த அச்சமும் இருக்கிறது என்பதே நம் ஐயம்.

மடத்தோடு உறவு கொள்வது உலகைவிட்டு ஓடுவது என்பாரும் உளர். யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928-ல் அருட்தந்தை தோமஸ் நிறுவிய செபமாலைத் தாசர் சபையைப் பார்க்கட்டும். இடைவிடாச் செபத்தோடு உடலுழைப்பையும் ஏற்ற சபை அது. அவர்களுடைய திராட்சைத் தோட்டத்தை அங்குள்ளோர் நன்கறிவர். மண்ணில் கால் ஊன்றியவர்களை ஓடிப்போனவர்கள் என்பது எப்படிப் பொருந்தும்?

ஆற்காடு சாலையின் இரைச்சலில், இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் நம் இளைஞருக்கு ஏழு வேளைச் செபம் சொல் என்று யாரும் கட்டளையிடவில்லை. காலையில் ஒரு திருப்பாடல், இரவில் ஒன்று, அன்றாடம் கால் மணி நேரம் இறைவார்த்தையோடு மௌனம், ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் மடத்தின் விருந்தினராய் இருந்து அவர்களோடு காய் நறுக்கிச் செபித்துத் திரும்புதல்: தொடங்குவதற்கு இவ்வளவே. நம் பங்குகளில் எல்லாவற்றுக்கும் குழு இருக்கிறது, சுற்றுலாவுக்கும் இருக்கிறது. ஒரு துறவு இல்லத்தோடு நிலையான தொடர்பு கொள்ளப் பத்துப் பேர் கொண்ட குழு ஒன்றை அமைப்பதில் என்ன தடை? அடுத்த ஜூலை 16-க்கு முன் நான்கு ஞாயிறுகள் மாலையில் உத்தரியத்தைப் பற்றி வகுப்பு நடக்கட்டும். கேட்டபின் விரும்பியவர் அணியட்டும். விரும்பாதவர், பீடத்தருகே தட்டில் குவிந்திருந்தாலும், கை நீட்டாமல் திரும்பட்டும்.