பாரிஸ் நிலவறையும் நம்ம ஊர் நாதஸ்வரமும்



காரைக்கால்காரனுக்கு பாரிஸ் ஒன்றும் கேள்விப்படாத ஊர் இல்லை. 1954 நவம்பர் 1 வரை நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவர்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. என் மாமா குடும்பமும் அப்படித்தான். அவர் கூப்பிட்டு, போன லீவில் போய் வந்தேன். ஈபிள் டவர் பார்த்தேன், போட்டோ எடுத்தேன். அதை விடுங்கள்.

ஒரு ராத்திரி மாமா 'கவோ டி லா ஹூஷெத்' என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். 1946 முதல் ஜாஸ் நடக்கிற இடம். டிக்கெட் வாங்கிப் படியிறங்கினால், கல்லால் வளைத்துக் கட்டிய நிலவறை. சிலர் ஆடுகிறார்கள், சிலர் கண்ணை மூடிக் கேட்கிறார்கள். எதிரே பேப்பர் ஏதும் இல்லாமல் சாக்ஸபோன்காரர் மெட்டை இழுத்து, வளைத்து, எங்கேயோ போய்த் திரும்பி வருகிறார். அவர் நிறுத்தியதும் பாட்டு நடுவிலேயே கைதட்டல்! பிறகு டிரம்ஸ்காரர் பதில் சொல்கிறார். அடடா, இது நம்ம நாதஸ்வரமும் தவிலும் அல்லவா என்று தோன்றியது.

மெக்கானிக்கல் நண்பர்களே, இரண்டுமே கீழே போகப் போக விரியும் குழாய்தான். சாக்ஸபோன் பித்தளை, அடால்ஃப் சாக்ஸ் 1846ல் பாரிஸில் காப்புரிமை வாங்கினார். நாதஸ்வரம் ஆச்சா மரம். இதோ பக்கத்து நரசிங்கம்பேட்டையில் கடைகிறார்கள். 'டூயட்' படத்தில் (1994) சாக்ஸபோன் வாசித்த கத்ரி கோபால்நாத்கூட நாதஸ்வர வித்வானின் பிள்ளைதான்.

வெளிநாடு போகிறவர்கள் ஜாஸ் கேட்காமல் திரும்பாதீர்கள். காசுக்குத் தகும். ஆனால் அங்கே எனக்கு ஒரு உறுத்தல். போன வருஷம் அக்கா கல்யாணத்தில் ஒரு பெரியவர் அரைமணி நேரம் தோடி வாசித்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஊதி உலகறிந்த ராகம். பந்தியில் இடம் பிடிக்கும் அவசரத்தில் ஒருத்தரும் காது கொடுக்கவில்லை, நான் உள்பட! கெட்டிமேளத்துக்கு மட்டும் தேடினோம்.

இன்னொன்று. நம்ம வகுப்பு நண்பன் ஒருவனின் அப்பா நாதஸ்வரக்காரர். அதைச் சொல்ல அவன் மூணு வருஷம் கூச்சப்பட்டான். கூச்சப்பட வைத்தது யாரு? நாம்தானே! 'பீப்பீ' என்று கிண்டல் பண்ணினவன் கை தூக்கட்டும். முதல் கை என்னுடையது.

யூனியன் செயலாளர் கவனிக்க: இந்த ஆண்டு விழாவில் டி.ஜே.க்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு மணி நேரம் அந்த அப்பாவுக்கும் ஒரு தவிலுக்கும் கொடுங்கள். சம்மானம் குறையாமல் கொடுங்கள். முன்வரிசையில் நான் இருப்பேன், செல்போனை அணைத்துவிட்டு.