துணைப்பாடமாக வரலாறு: பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம்



சில வாரங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்ததும், குரோம்பேட்டையில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். அவருடைய மகள் பொருளியல் இளங்கலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறார். துணைப்பாடமாக வரலாற்றை எடுக்க விரும்புகிறார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. "ஹஜ்ரத், செத்துப்போன ராஜாக்களின் கதையைப் படித்து என்ன ஆகப்போகிறது? கம்ப்யூட்டர் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார். நான் அப்படிச் சொல்ல மறுத்துவிட்டேன். அதற்கான காரணங்களை அவருக்கு மட்டுமின்றி, இதே கவலையிலுள்ள மற்றப் பெற்றோருக்கும் கூறுவது நலம் என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில், அவருடைய கவலை நியாயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்லூரிக் கட்டணம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். படிப்பு முடிந்ததும் வருவாய்க்கு வழி பிறக்க வேண்டும் என எண்ணுவது தவறன்று. ஆயினும் துணைப்பாடம் முதன்மைப் பாடத்தின் இடத்தைப் பறிப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைச் சட்டகத்தின்படி, மூன்றாண்டுப் படிப்பின் 120 கிரெடிட்டுகளில் துணைப்பாடத்திற்குரியவை 24 மட்டுமே. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நம் மாநிலக் கல்லூரிகளின் முறை வேறாயினும், அங்கும் முதன்மைப் பாடமே பெரும்பகுதி. பொருளியல் பட்டம் பொருளியல் பட்டமாகவே இருக்கும். மேலும், டி.என்.பி.எஸ்.சி. தொகுதித் தேர்வுகளிலும் யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்விலும் வரலாறு தவிர்க்க முடியாத பகுதி. எனவே உலகியல் கணக்கிலும் இது நட்டமில்லை.

ஆனால் நான் மறுத்ததற்குக் காரணம் அதுவன்று. வரலாறு நம் தீனுக்கு அந்நியமான கல்வி என்ற எண்ணமே தவறு. முந்தைய சமுதாயங்களின் முடிவு என்னவாயிற்று என்று பூமியில் பயணித்துப் பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்று ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஓர் அறிவிப்பை ஏற்கும் முன், அறிவிப்பாளர் யார், எங்கு வாழ்ந்தார், யாரைச் சந்தித்தார், நினைவாற்றல் எத்தகையது என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். அதற்காகவே பல்லாயிரம் மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தார்கள். சான்றைச் சோதிக்கும் இந்தப் பழக்கம்தான் வரலாற்றுக் கல்வியின் உயிர்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், பழைய போர் ஒன்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை உணர்ச்சி பொங்க எடுத்துரைத்தேன். அதில் கலந்துகொண்ட வீரர்களின் எண்ணிக்கை பல லட்சம் என்றேன். தொழுகைக்குப் பின், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்தார். கல்லூரியில் வரலாற்றைத் துணைப்பாடமாகப் படித்துக்கொண்டிருந்தவர். "ஹஜ்ரத், இதற்கு எந்த நூல் ஆதாரம்? அத்தனை பேருக்கு அந்த இடத்தில் உணவும் தண்ணீரும் எப்படிக் கிடைத்திருக்கும்?" என்று பணிவோடு கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஜும்ஆவில் அந்தச் செய்தியைத் திருத்திச் சொன்னேன்.

அன்று இரவுதான் இப்னு கல்தூன் நினைவுக்கு வந்தார். துனீசில் 1332இல் பிறந்து, 1406இல் கெய்ரோவில் மறைந்த பேரறிஞர். தம் முகத்திமாவில், முந்தைய வரலாற்றாசிரியர்கள் படைகளின் எண்ணிக்கையை மிகைப்படுத்தி எழுதியதை அவர் எடுத்துக்காட்டிக் கண்டிக்கிறார். அத்தனை பெரிய படை ஒரு நிலப்பரப்பில் அணிவகுக்க இயலுமா, ஒரு நாட்டால் அதைத் தாங்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். இஸ்லாமியக் கல்விப் பட்டயப் படிப்பில் அவர் பெயரையும் நூலையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவன் நான். அவர் கற்பித்த கேள்வியைக் கேட்டவரோ என் மாணவர்.

நம் மதரஸாக்களிலேயே இன்னொரு சான்று உண்டு. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முயீன் என்னும் ஃபிக்ஹு நூலை அறியாத ஆலிம்கள் குறைவு. அதை இயற்றிய மலபார் அறிஞர் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம், துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்ற வரலாற்று நூலையும் அரபியில் எழுதினார். 1498இல் போர்ச்சுகீசியர் வந்தது முதல் மலபார்க் கடற்கரை மக்கள் பட்ட துயரங்களை அதில் பதிவு செய்தார். தொழுகை, நோன்புச் சட்டங்களை எழுதிய அதே கரம் தன் காலத்தின் நிகழ்வுகளையும் எழுதியது. நாம் முதல் நூலை ஓதுகிறோம். இரண்டாவது நூலின் பெயரைக்கூட நம் பிள்ளைகள் அறிவதில்லை.

"கல்லூரியில் கற்பிக்கும் வரலாறே திரிக்கப்பட்டதுதானே? அதைப் படித்தால் பிள்ளைகளின் மனம் கெட்டுவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். திரிபுகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் திரிபைக் கண்டுபிடிக்கவும் வரலாறு படித்தவரே தேவை. இந்திய வரலாற்றை இந்துக் காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என மூன்றாகப் பிரித்தவர் ஜேம்ஸ் மில். 1817இல் வெளிவந்த அவருடைய நூலே இந்தப் பிரிவினைக்கு வேர். அவர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இவ்வுண்மையை அறிந்த மாணவர், நம்மை வந்தேறிகள் என்று யாரேனும் சொன்னால் கோபத்தில் கத்த மாட்டார். நிதானமாகச் சான்றுகளுடன் விடையளிப்பார். அதுபோலவே, நம்மவர்கள் பரப்பும் ஆதாரமற்ற பெருமைகளையும் நம்ப மாட்டார்.

நாம் வாழும் ஊரையே பாருங்கள். குரோம்பேட்டை என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோலுக்குப் பக்கத்தில் குரோமிய உப்பால் பதனிடும் புதிய முறை வந்த காலம் அது. தோல் வணிகத்தில் தமிழ் முஸ்லிம்களின் பங்கு பெரிது. அவ்வணிகத்தில் புகழ்பெற்ற ஜமால் முஹம்மது சாஹிபின் பெயரைத் தாங்கிய கல்லூரி 1951இல் திருச்சியில் எழுந்தது. அதே ஆண்டில்தான் இராயப்பேட்டையில் புதுக்கல்லூரியும் தொடங்கியது. நம் முன்னோர் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்குத் தந்தார்கள். நாள்தோறும் ஊர்ப் பெயரைச் சொல்லியே ஷேர் ஆட்டோவில் ஏறும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இறுதியாக, இன்று நம் வாசலில் நிற்கும் பிரச்சினை ஒன்று. 2025ஆம் ஆண்டு வக்ஃப் திருத்தச் சட்டத்திற்குப் பின், வக்ஃப் சொத்துகளின் விவரங்களை உமீத் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டியதாயிற்று. நான் அறிந்த ஒரு ஜமாஅத்தில், பழைய ஆவணங்கள் இரும்புப் பெட்டியில் இருந்தன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் இல்லை. இனாம் பதிவேடு எது, சர்வே எண் எப்போது மாறியது, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் எதைத் தேடுவது என்று அறிந்தவர் ஒருவரும் இல்லை. அந்த மஹல்லாவில் பொறியாளர்கள் பலர் இருந்தார்கள். பழைய தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவரை நாம் உருவாக்கவில்லை.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். நம் கல்லூரிகள் பலவற்றில் துணைப்பாடம் முதன்மைப் பாடத்தோடு சேர்த்தே நிர்ணயிக்கப்படுகிறது. எனவே சேர்க்கைக்கு முன்பே விசாரியுங்கள். தாம்பரத்தில் 1937 முதல் இயங்கிவரும் கிறித்துவக் கல்லூரியிலும், புதுக்கல்லூரியிலும் வரலாற்றுத் துறைகள் உண்டு. பிள்ளை அப்பாடத்தை விரும்பினால் தடுக்காதீர்கள். படிக்கும் பிள்ளையிடம் உங்கள் பள்ளிவாசலின் பழைய பதிவேடுகளைக் காட்டுங்கள். வீட்டிலுள்ள நன்னாவிடமும் நன்னியிடமும் பேசி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரர் முழு மனத்தோடு இசைந்தாரா என்று தெரியவில்லை. "சரி ஹஜ்ரத், ஒரு பாடம்தானே" என்று சொல்லி எழுந்தார். அந்த ஒரு பாடத்தை அவருடைய மகளுக்கும் நம் சமுதாயத்திற்கும் பயனுள்ள கல்வியாக அல்லாஹ் ஆக்கித் தருவானாக. ஆமீன்.