பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்பு

நெல்லைச் சீமையில் பல வீடுகளில் ஒரு பத்து வருடம் காணாமல் போயிருக்கிறது. தொண்ணூறுகளின் கல்யாண ஆல்பம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஸ்மார்ட்போன் வந்தபின் எடுத்த படங்கள் கூகுள் கணக்கில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, டிஜிட்டல் கேமராவில் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிய படங்கள் பரணில் கிடக்கும் சிபியூவுக்குள் மாட்டிக்கொண்டன. தாத்தா, ஆச்சிகளின் கடைசிப் படங்கள் பலவும் அந்தக் காலத்தவைதான்.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். "அண்ணாச்சி, மெஷின் போனாப் போவுது. அதுல எங்க அம்மை போட்டோ கெடக்கு, அத மட்டும் எடுத்துத் தாங்க" என்று கேட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: அந்தப் படங்களில் நிறைய இன்றைக்கும் மீளும். மீட்டுக்கொடுக்க ஊருக்குப் பொதுவான ஓர் இடம் வேண்டும்.

அழித்த படம் போயே போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சிட்டாவில் பெயரை அடித்துவிட்டால் வயல் எங்கேயும் போய்விடுவதில்லை. இன்னொருவர் உழுது பயிர் வைக்கும்வரை பழைய வரப்பு அப்படியே கிடக்கும். ஹார்டு டிஸ்க்கிலும் பட்டியலில்தான் பெயர் அடிபடுகிறது. அந்த இடத்தில் புதிதாக எதுவும் பதிவாகாத வரை படம் அங்கேயே இருக்கும். ஜேபெக் படங்கள் எல்லாம் ஒரே மாதிரியான சில பைட்டுகளோடுதான் தொடங்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்க அந்தத் தொடக்கத்தைத் தேடிப் படங்களை வெளியே எடுக்கும். ஃபைலின் பெயர் திரும்பாது; கேமரா பதிந்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மெஷினை ஃபார்மேட் அடித்திருந்தாலும் நம்பிக்கை உண்டு. முழு ஃபார்மேட் கொடுத்தால் பழைய பதிவின் மேல் பூஜ்ஜியங்களை எழுதும் வழக்கம் 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்துதான் தொடங்கியது. இன்றைய எஸ்எஸ்டியிலோ, அழித்தது பெரும்பாலும் கொஞ்ச நேரத்திலேயே நிஜமாகப் போய்விடும். ஆகவே இந்த விஷயத்தில் பழைய மெஷின்தான் நமக்கு நல்லது செய்கிறது.

2011-இல் அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது பல கிராமத்து வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் அப்படி ஒரு லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காட்டில் 1929 வாக்கில் உருவான தேயிலைத் தோட்டம் மாஞ்சோலை. 2024-இல் அங்கே வேலை நின்றதும், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் ஊரைவிட்டு இறங்க வேண்டிவந்தது. லேப்டாப்பின் மதர்போர்டு செத்திருந்தது. டிஸ்க் நன்றாக இருந்தது. கழற்றி அடாப்டரில் மாட்டினேன். மூடுபனிக்குள் லைன் வீடுகள், கோயில் கொடை, கூடையோடு சிரிக்கிற அம்மா என்று ஒவ்வொன்றாக வந்தன. மகள் ஒரு படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். அம்மாவுக்குப் பின்னால் கதவில் பெயிண்டில் எழுதிய வீட்டு எண். தாங்கள் குடியிருந்த வீடு என்று காட்ட அவர்களிடம் வேறு எதுவும் இல்லை.

இது குடும்பப் பாசத்தோடு முடிகிற விஷயம் அல்ல. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசையில் சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் வீற்றிருந்ததைப் பார்த்துப் படமெடுத்தவர்கள் ஏராளம். 2020 மே மாதம் அவர் காலமானார். அவரை இனி யாரும் அங்கே புதிதாகப் படமெடுக்க முடியாது. இந்தத் தாமிரபரணிக் கரையின் வரலாற்றில் ஒரு பகுதி நம் வீட்டுப் பரண்களில்தான் இருக்கிறது.

1992 நவம்பர் வெள்ளத்தில் நனைந்த பிரிண்டைப் பிரித்துக் கொடியில் காயப்போட முடிந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, நெல்லை ஜங்ஷன், ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று வெள்ளம் புகுந்தபோது மூழ்கியவை ஹார்டு டிஸ்க்குகள். டிஸ்க்கில் பதிவு காந்தமாக இருக்கிறது. தண்ணீர் அதை அழிப்பதில்லை. காற்றுத் துளை வழியே உள்ளே போகும் சேறுதான் எதிரி. காயவைத்துக் கரண்ட் கொடுத்தால், சுழலும் தட்டில் சேறு உரசிப் பதிவையே சுரண்டிவிடும். நனைந்த டிஸ்க்குக்கும், டிக் டிக்கென்று சத்தம் போடும் டிஸ்க்குக்கும் கரண்ட் கொடுக்கவே கூடாது. அவை ரெக்கவரி லேபுக்குப் போக வேண்டியவை. இதை அன்று நிவாரண முகாம்களில் ஒரு நோட்டீஸாக ஒட்டியிருக்கலாம். ரேஷன் கார்டுக்கு நகல் தர அலுவலகம் உண்டு; பத்திரத்துக்கும் உண்டு. போட்டோவுக்கு நகல் தர யாரும் இல்லை.

வீட்டுப் பெண்களின் படம் இருக்கிறதே என்று பயந்து டிஸ்க்கை எந்தக் கடையிலும் கொடுக்காதவர்களும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. அதே ஆட்கள் மெஷினை அப்படியே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும்போதுதான் எனக்குப் பதறுகிறது. நமக்கு மீள்கிற படம், அதை வாங்குகிற முகம் தெரியாதவருக்கும் மீளும். கொடுக்கும் முன்பு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், நாலைந்து ஸ்க்ரூதான். அழிந்த படத்தைத் தேடுவதாக இருந்தால் அந்த மெஷினை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்; ரெக்கவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் ஏற்றாதீர்கள்.

இதற்குப் பொது இடம் ஒன்று வேண்டும் என்கிறேன். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு மேசை போட்டு உட்காரட்டும். டிஸ்க்குக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே இருந்து பார்க்கட்டும். எடுத்த படம் அவர் பென் டிரைவுக்கு மட்டும் போகட்டும். அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, மென்பொருள் இலவசம். மாநகராட்சி மின்கழிவு வாங்கும் இடங்களில் டிஸ்க்கைக் கழற்றி உரியவர் கையில் திருப்பிக் கொடுப்பதை விதியாக வைக்கட்டும். பழைய டிஸ்க்குகள் வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டிருக்கின்றன. மாவட்ட நிர்வாகம் இதைத் தொடங்கினால், என் கருவிகளோடு முதல் மேசையில் உட்கார நான் தயார்.